கலர் சரியில்லை

எங்கள் கடைக்கார அக்கா எந்தக் காரியத்துக்கும் உண்மையான காரணத்தைச் சொன்னதில்லை. அவரைப் பொய்க்காரி என்று சொல்ல வரவில்லை. எடையில் ஒரு கிராம் குறைய விடமாட்டார். நாள் கடந்த ஈஸ்ட் பாக்கெட்டைத் தன் கையாலேயே பிரித்துக் குப்பையில் கொட்டுவார். ஆனால் ஒன்றை ஏன் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டால் போதும், அந்தக் காரியத்துக்குத் தூரத்து உறவுகூட இல்லாத ஒரு காரணத்தை எடுத்து நீட்டுவார். அதை நீட்டும்போது முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது.

அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. அவர் உட்கார வைத்த நாற்காலியில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நாற்காலி ஒரு சமயம் என்னை விட்டுப் போக இருந்தது. அது போகாமல் நின்ற கதையைச் சொன்னால் அவரைப் பற்றிச் சொன்ன மாதிரிதான்.

கடை ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையை ஒட்டி. கேக் செய்கிறவர்களுக்கு வேண்டிய சாமான் விற்கிறோம். அச்சு, வெண்ணெய்த்தாள், எசென்ஸ், கோகோ பவுடர், ஐசிங் சர்க்கரை, பாகில் ஊறிய செர்ரி, கேக்குக்கு அடியில் வைக்கும் அட்டை. வீட்டிலேயே கேக் செய்து விற்கும் பெண்கள் இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். டிசம்பர் மாதம் எங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது.

நான் வேலை கேட்டுப் போன அன்று எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். இரண்டு பேரும் பட்டம் வாங்கியவர்கள். நான் பத்தாவது. எப்படியும் கிடைக்காது என்று தெரிந்ததால் கொஞ்சம் தைரியமாகவே பேசினேன். மூன்று நாள் கழித்து என்னை வரச் சொன்னார்.

"அவங்கள விட்டுட்டு என்னை ஏன்க்கா எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"நீ குள்ளமா இருக்கே. அவங்க ரெண்டு பேரும் கல்லாவுல உக்காந்தா பின்னாடி மாட்டியிருக்கற கடிகாரம் மறையுது. எனக்கு மணி தெரியணும்."

நான் நாலடி ஒன்பதங்குலம். அந்தக் கடிகாரம் ஓடுவதில்லை என்பதை வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே கவனித்தேன். ஆனாலும் ஒரு வருஷம்வரை அவர் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் பேசப் பேச அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, மேசைமேல் இருந்த என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

என் கைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்து முந்திரிக்கொட்டை உடைக்க ஆரம்பித்தவள், கல்யாணம் ஆகும்வரை உடைத்தேன். சுட்ட கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து ஓர் எண்ணெய் கசியும். பட்ட இடம் கறுத்து, வெந்து, தோல் உரிந்துவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்போம். சாம்பல் தன்னால் ஆனதைச் செய்யும், மிச்சத்தை விரல் வாங்கிக்கொள்ளும். அப்படி வாங்கி வாங்கி என் விரல் நுனிகள் கொட்டாங்குச்சி மாதிரி இறுகிவிட்டன. ரேகை கிடையாது. சூடான பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்குவேன். ஆதார் எடுத்த இடத்தில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தேன். இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதற்கு ஒரு விரல்கூடச் சாட்சி சொல்லவில்லை. கடைசியில் கண்ணை வைத்து ஒப்புக்கொண்டார்கள்.

அதனால் கடையில் எனக்கு எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை. பில் போடக் கீபோர்டு இருந்தது, தட்டினால் கேட்டது. ஐந்நூற்றுச் சொச்சம் சாமான்களின் நம்பரும் எனக்கு மனப்பாடம்.

அக்காவின் காரணங்களை நான் சேர்த்து வைக்க ஆரம்பித்தது முத்தியால்பேட்டைப் பெண் ஒருத்தி வந்துபோன பிறகுதான். அவளுக்கு ஒரு கல்யாணத்துக்கு நூறு சின்னக் கேக் செய்ய ஆர்டர் வந்திருந்தது. ஊதா நிற அட்டைகளைக் கட்டுக்கட்டாக வாங்கிப் போனாள். கல்யாணம் நின்றுவிட்டது. பிரித்த கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் கடையில் மாட்டியிருக்கும் "பிரித்த பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற போர்டுக்கு நேர் கீழே நின்று அழுதாள்.

"நல்ல வேளை கொண்டாந்தே" என்றார் அக்கா. "ஊதா அட்டை தீந்துபோய் ரெண்டு நாளா தேடிட்டு இருக்கேன்."

என் காலடியில் ஊதா அட்டை இரண்டு கட்டு இருந்தது. நான் அதைக் காலால் மேசைக்கு உள்ளே தள்ளினேன். அவர் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிந்ததில்லை. சாரம் பகுதியில் இருக்கும் அவர் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. அந்தப் பெண் சின்ன வயதில் அக்கா மடியில் வளர்ந்தவள். அக்கா கணவரை இழந்தவர். நலங்குக்கு அவர் முன்னால் நிற்பதை மாப்பிள்ளை வீட்டார் விரும்பமாட்டார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். அவர் போகவில்லை. ஏன் வரவில்லை என்று பெண்ணின் அம்மா கடைக்கே வந்து கேட்டபோது, "சேலைக்குப் பொருத்தமா செருப்பு அமையல" என்றார். அந்த அம்மாள் அதற்கப்புறம் அஞ்சு வருஷம் அவரோடு பேசவில்லை. எனக்கே ஆத்திரமாக வந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் கல்யாணத்துக்காவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார். அதற்காகத்தான் சொல்லவில்லையோ என்னவோ.

கடை, அக்கா பேரிலும் அவர் தம்பி பேரிலும் இருந்தது. தம்பி பிரான்சில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை வருவார். நல்ல மனிதர், எனக்கு ஒவ்வொரு முறையும் சாக்லேட் கொண்டுவருவார். ஆனால் வந்தால் கடையில் எதையாவது மாற்றாமல் போகமாட்டார். ஒரு வருஷம் பெயர்ப்பலகையை மாற்றினார், அடுத்த வருஷம் விளக்குகளை. அந்த வருஷம் பில் போடும் கம்ப்யூட்டர் மேல் கண் விழுந்தது.

அவர் கண் விழுந்ததில் தப்பு சொல்ல முடியாது. ஐசிங் சர்க்கரை காற்றில் பறந்து கீபோர்டுக்குள் இறங்கி, ஆறும் ஒன்பதும் ஒட்டிக்கொண்டன. அந்த இரண்டு எண்ணும் வரும் பில்லுக்கு நான் பென்சிலால் நெம்புவேன்.

"டச் மானிட்டர் போட்டுடலாம்க்கா" என்றார் தம்பி. "ஒவ்வொரு சாமானுக்கும் படம் வரும். தொட்டா பில்லு. நம்பர் மனப்பாடம் பண்ண வேணாம். யார் வேணா உக்காரலாம்."

யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்ற சொல் அப்போது என்னை உறுத்தவில்லை. மனப்பாடம் செய்த நம்பர்கள் வீணாகுமே என்றுதான் வருத்தப்பட்டேன்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் மறுநாளே ஒரு மானிட்டரைக் கொண்டுவந்து வைத்தார். கனத்த உடம்பு, கழுத்தில் டை, எதைச் சொன்னாலும் நடுவில் ஒரு "மேடம்" போடுவார். திரையில் படங்கள் பளபளவென்று வந்தன. தம்பி தொட்டார், செர்ரி பில்லில் ஏறியது. அக்கா தொட்டார், கோகோ ஏறியது. நான் தொட்டேன். ஒன்றும் ஏறவில்லை. மறுபடியும் தொட்டேன். ஐந்து விரலையும் மாற்றிப் பார்த்தேன். அந்தக் கண்ணாடிக்கு நான் என்று ஓர் ஆள் எதிரில் நிற்பதே தெரியவில்லை.

"கையைக் கழுவிட்டு வாங்க மேடம்" என்றார் அவர்.

கழுவிவிட்டு ஈரத்தோடு தொட்டேன். ஒரே தொடலில் நாலு சாமான் பில்லாகிவிட்டது. விரல் கணுவால் தட்டினேன். வெனிலா எசென்ஸுக்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்த மைதா மூட்டை விழுந்தது. கடைக்காரர் என் விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே விட்டார்.

தம்பி என்னை வைத்துக்கொண்டே, குரலைத் தணித்து, மரியாதையாகத்தான் சொன்னார். "இவங்களுக்கு வரலக்கா. பரவால்ல, இதுக்கு வேற ஆள் போட்டுக்கலாம். இவங்க உள்ள ஏதாவது வேலை பாக்கட்டும்."

உள்ளே இருந்த ஒரே வேலை ஐம்பது கிலோ மூட்டை தூக்குவது. என் உயரத்தை முன்பே சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு லாரியிலிருந்து விழுந்து முதுகெலும்பு போனதிலிருந்து வீட்டுக்கு வரும் சம்பளம் என்னுடையது ஒன்றுதான். மகள் அப்போது பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா மானிட்டரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தார்.

"கலர் சரியில்ல. எடுத்துட்டுப் போங்க."

"கலரை மாத்திக்கலாம் மேடம்" என்று கடைக்காரர் உட்கார்ந்து எதையோ திருகினார்.

"நீலம் தூக்குது."

நீலத்தைக் குறைத்தார்.

"இப்ப மஞ்சள் தூக்குது."

அரை மணி நேரம் இப்படிப் போனது. கடைக்காரர் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போனார். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் ஊருக்குத் திரும்ப இன்னும் மூன்று வாரம் இருந்தது. போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்த மூன்று வாரமும் நான் என் விரல்களோடு மல்லுக்கட்டினேன். ராத்திரி தேங்காயெண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு படுத்தேன். எலுமிச்சை மூடியால் தேய்த்தேன். குதிகால் தேய்க்கும் கல்லால் தேய்த்தேன். விரல் எரிந்ததே தவிர, திரைக்குத் தெரியும் அளவுக்கு மெலியவில்லை.

இரண்டாவது மானிட்டர் வந்தது. ஒரு வாரம் வைத்துப் பாருங்கள் என்று விட்டுவிட்டுப் போனார் கடைக்காரர். முதல் நாள் ஒரு பில்கூட என்னால் போட முடியவில்லை, அக்காவே நின்று போட்டார். இரண்டாம் நாள் ஒரு செர்ரிப் புட்டி உடைந்தது. பொறுக்கும்போது என் கையிலிருந்த செர்ரி தவறுதலாகத் திரையில் பட, பேக்கிங் பவுடர் ஒன்று பில்லில் ஏறியது. நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். மறுபடியும் செர்ரியால் தொட்டேன். ஏறியது.

என் விரலை ஆள் என்று மதிக்காத கண்ணாடி செர்ரியை மதித்தது. எனக்குக் கோபப்பட நேரமில்லை. அன்றிலிருந்து உள்ளங்கையில் ஒரு செர்ரியை மறைத்து வைத்துக்கொண்டு பில் போட்டேன். ஒரு செர்ரி அரை நாள் தாங்கும். காய்ந்துவிட்டால் அடுத்தது. தம்பி பின்னாலிருந்து பார்த்து, "பாத்தியாக்கா, பழகிட்டாங்க" என்று மகிழ்ந்துபோனார். நானும் பிழைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

நாலாம் நாள் காலை மானிட்டருக்கு எறும்பு வந்தது.

சுவரிலிருந்து இறங்கி, மேசை மேல் நடந்து, திரையில் ஏறி, வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. நான் எங்கெங்கே தொட்டிருந்தேனோ அங்கெல்லாம் கூட்டம். தம்பி குனிந்து பார்த்தார். பிறகு என் கையை விரிக்கச் சொன்னார். விரித்தேன்.

கடைக்காரரை வரவழைத்தார்கள். அக்கா அவரிடம், "எறும்பு வர்ற மானிட்டர் நமக்கு வேணாம்" என்றார்.

"இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் மேடம். எந்த மானிட்டருக்கும் எறும்பு வந்ததில்ல."

"அப்ப இந்த ஒண்ணுலதான் ஏதோ கோளாறு இருக்கு" என்றார் அக்கா.

மூன்றாவதோடு ஒரு ரப்பர் முனைப் பேனாவும் வந்தது. பேனாவால் தொட்டேன், கேட்டது. சர்க்கரைத் துகள் அராவி மூன்றே நாளில் ரப்பர் கிழிந்தது. வேறு பேனா வந்தது, அதுவும் கிழிந்தது. அந்த மானிட்டரையும் அக்கா திருப்பிக் கொடுத்தார். பேனாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கண்ணாடில என் மூஞ்சி தெரியுது. வேலை நேரத்துல அதை யார் பாத்துட்டு இருக்கறது?" என்றார்.

கடைக்காரர் டையைத் தளர்த்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அவருக்கு மோர் வரவழைத்துக் கொடுத்தார். அவர் பாதி குடித்திருக்கும்போது, "கையுறை போட்டுட்டு வேலை செய்யறவங்க இருக்காங்களே, அவங்கல்லாம் எப்பிடித் தொடுவாங்க?" என்று அக்கா கேட்டார்.

"எதுக்கு மேடம்?"

"எங்க சொந்தக்காரர் ஒருத்தர் கையுறை வியாபாரம் பண்றார். கேட்டுட்டு இருந்தார்."

"அதுக்குப் பழைய மாடல் ஒண்ணு இருக்கு மேடம். தொடறது இல்ல, அழுத்தறது. விரல், குச்சி, எது அழுத்துனாலும் கேக்கும். சேதராப்பட்டுல ஃபாக்டரிங்கள்ல வெச்சிருப்பாங்க. ஆனா கடைக்கெல்லாம் யாரும் வாங்கறதில்ல. கலர் மங்கலா இருக்கும். உங்களுக்குக் கலர்தான் முக்கியம்."

"ஆமா, எனக்குக் கலர்தான் முக்கியம்" என்றார் அக்கா.

மறுநாள் காலை என்னைப் பார்த்து, "சேதராப்பட்டு போறேன். நீயும் வா. தனியாப் போனா பஸ்ல தூங்கிடுவேன், எறங்கற இடம் விட்டுடும்" என்றார். பஸ்ஸில் அவர் ஒரு நிமிஷம்கூடக் கண் மூடவில்லை. ஒரு வாரமாகத் தூக்கமில்லாத நான்தான் அவர் தோளில் சாய்ந்து தூங்கினேன். இறங்கும் இடத்தில் அவர்தான் எழுப்பினார்.

எங்களிடம் சாமான் வாங்கும் ஒரு பெண்ணின் கணவர் அங்கே ஒரு ஃபாக்டரியில் மேற்பார்வையாளர். அவர் எங்களை உள்ளே அழைத்துப் போய், டப்பாக்களுக்கு மூடி போடும் ஒரு மெஷினைக் காட்டினார். அதன் பக்கவாட்டில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, செத்துப்போன நிறத்தில் ஒரு திரை. கனத்த கையுறை போட்ட ஓர் ஆள் கட்டைவிரலால் அதை அழுத்தி வேலை வாங்கிக்கொண்டிருந்தார்.

"நீ அழுத்திப் பாரு" என்றார் அக்கா. "எனக்கு ஷாக் அடிக்குமோன்னு பயமா இருக்கு."

நான் கைக்கு எட்டிய இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினேன். பீப் என்றது. அடுத்த நொடி மெஷின் நின்றுவிட்டது. மூடி இல்லாத டப்பாக்கள் அப்படியே வரிசையில் நின்றன. நாலு பேர் ஓடிவந்தார்கள். மேற்பார்வையாளர் என்னென்னவோ சொல்லிக்கொண்டு எதையெதையோ அழுத்தினார்.

எனக்கு அவர்கள் கத்தியது காதில் ஏறவில்லை. என் விரல் சொன்னதை ஒன்று கேட்டுவிட்டது. நான் அங்கேயே நின்று அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"என்னாச்சு அவங்களுக்கு?" என்றார் மேற்பார்வையாளர்.

"மெஷின் எண்ணெ வாசனை அவளுக்கு ஒத்துக்காது" என்றார் அக்கா.

நாலாவது மானிட்டர், தம்பி ஊருக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு வந்தது. அதைப் பொருத்திய கடைக்காரர், திரையின் நாலு மூலையிலும் ஒவ்வொன்றாக ஒரு கூட்டல் குறி வரும், அதைச் சரியாக அழுத்த வேண்டும், அப்போதுதான் எங்கே அழுத்தினால் எது என்று மானிட்டர் தெரிந்துகொள்ளும் என்றார்.

"மேடம், நீங்களே அழுத்துங்க."

"எனக்கு மூக்குக்கண்ணாடி இல்லாம தெரியாது" என்றார் அக்கா. மூக்குக்கண்ணாடி அவர் தலையில்தான் ஏற்றிவிடப்பட்டிருந்தது. "இவ அழுத்தட்டும். டேய் தம்பி, நீ நவுரு. நீ நாற்காலில உக்காரும்மா, எப்பவும் போல உக்காரு."

நான் எப்போதும்போல உட்கார்ந்து, என் உயரத்திலிருந்து நாலு கூட்டலையும் அழுத்தினேன். மானிட்டர் என் கண் மட்டத்தையும் என் கையின் சாய்வையும் அப்படியே எடுத்துக்கொண்டது.

நான் பில் போட்டேன். அழுத்தியதெல்லாம் விழுந்தது. பிறகு தம்பி நின்றபடி செர்ரியை அழுத்தினார். பக்கத்தில் இருந்த சோடா உப்பு விழுந்தது. கோகோவை அழுத்தினார், வெண்ணெய்த்தாள் விழுந்தது. அவர் ஆறடி. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரு விரல்கடை தள்ளித் தெரிந்தது. குனிந்து அழுத்தினார், அப்போது வேறொன்று விழுந்தது.

"என்னாக்கா இது, இவங்களைத் தவிர யாரும் இதுல பில் போட முடியாது போலிருக்கே?"

"அப்பிடியா?" என்றார் அக்கா. "நான் கவனிக்கலையே."

"கூட்டல் குறியை மறுபடி போட்டா சரியாயிடும் சார்" என்றார் கடைக்காரர்.

"வேணாம். நல்ல நேரம் முடிஞ்சு போச்சு."

தம்பி திரையைப் பார்த்தார். செர்ரி செங்கல் நிறத்தில் இருந்தது. பச்சை எசென்ஸ் பாசி மாதிரி இருந்தது. எல்லாவற்றின் மேலும் யாரோ சாம்பல் தூவிய மாதிரி. "மூணு நல்ல மானிட்டரைக் கலர் சரியில்ல, அது இதுன்னு திருப்பிட்டு, கடைசில இதையா வாங்கறே?"

"எனக்கு இந்தக் கலர்தான் கண்ணுக்கு எதமா இருக்கு."

தம்பி என்னையும் திரையையும் அக்காவையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சிரித்துக்கொண்டே கடைக்காரருக்குக் கை கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது, "அக்கா, எனக்காகத்தானே..." என்று ஆரம்பித்தேன்.

"உனக்காகவா? உனக்கு எதுக்கு மானிட்டர்? கலருக்காக வாங்கினேன்" என்று பூட்டை இழுத்துப் பார்த்தார்.

இரண்டு வருஷம் நிம்மதியாகப் போனது. மகள் கல்லூரியில் சேர்ந்தாள். அக்காவின் காரணங்கள் இப்போது எனக்கு அத்துப்படி. இதைச் சொல்கிறாரா, அப்படியென்றால் இது இல்லை, வேறு என்ன என்று ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை போன் செய்தார். "எனக்கு உடம்பு சரியில்ல. இன்னிக்கு வரல. நீயே தொறந்துக்க."

உடம்பு சரியில்லை என்கிறார், அப்படியென்றால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். வேறு என்ன? முந்தின சனிக்கிழமை, பட்டம் வாங்கிய ஒரு பெண் கடைக்கு வேலை கேட்டு வந்திருந்தாள். அக்கா அவளோடு அரை மணி நேரம் பேசினார். நல்ல உயரமான பெண். அதே வாரம் தம்பியும் பிரான்சிலிருந்து இரண்டு தடவை போன் செய்திருந்தார். எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. நாற்காலி போகப்போகிறது. என் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமையும் போன் வந்தது. உடம்பு சரியில்ல. புதனும் அதே. வியாழனும் அதே. நான் "சரிங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவேன். அக்கா என்றுகூடச் சொல்லவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு காரணத்தை அவர் இரண்டாவது தடவை சொல்லி நான் கேட்டதே கிடையாது. அதையாவது யோசித்திருக்க வேண்டும். வீறாப்பில் எனக்கு யோசனை வரவில்லை.

வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த எதிர்வீட்டு அம்மாள், செருப்பு விஷயத்தில் அஞ்சு வருஷம் பேசாமல் இருந்தவர், கடைக்கு வந்தார். கையில் தூக்குவாளி.

"உங்க மொதலாளிம்மாவ நேத்து ஆஸ்பத்திரிலேர்ந்து வூட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்களாம். நான்தான் கஞ்சி குடுத்துட்டு வரேன். நீ ஒரு எட்டு வந்து பாக்கலியேம்மா?"

அப்படியே ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினேன்.

சாரத்து வீட்டில், ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்திருந்தார். ஒரு வாரத்தில் பாதியாகியிருந்தார். தலைமாட்டில் அந்த உயரமான பெண்ணின் விண்ணப்பக் காகிதம் இருந்தது. கொள்முதல் பார்க்க, லாரிக்காரர்களோடு பேச, எனக்குத் துணையாக அக்கா அவளை எடுத்திருப்பதாகத் தம்பிதான் பிறகு சொன்னார். இப்போது என் பக்கத்தில்தான் வேலை செய்கிறாள்.

அக்கா என்னைப் பார்த்ததும், "இத்தன நாளா ஏன் வரல?" என்றார்.

நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்று எப்படிச் சொல்வது?

"பஸ் கெடைக்கலக்கா" என்றேன்.

"ஒரு வாரமாவா?"

"ஆமாம்."

"நல்லா இல்ல" என்றார். குரல் உள்ளே போயிருந்தது. "உடனே தெரியுது. இன்னும் நல்லதா ஒண்ணு சொல்லு."

அவர் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அவருக்குக் காய்ச்சல் இருந்திருக்க வேண்டும். என் விரலுக்குத்தான் சூடு தெரியாதே. அந்தக் கையை என் கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சுட்டது.

அவர் கையை என் கன்னத்திலேயே விட்டுவைத்துச் சொன்னார். "தம்பி வருவான். மானிட்டரை மாத்தணும்பான். விட்டுடாத. கலர் நல்லாருக்குதுன்னு சொல்லு."

"அந்தக் கலர் நல்லாவே இல்லக்கா" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அழுதுகொண்டே சொன்னேன். "செர்ரியப் பாத்தா செங்கல்லு மாதிரி இருக்குது."

அவர் என் விரல்களைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

எனக்குத் தெரிந்து அவர் என்னிடம் சொன்ன உண்மைகள் இரண்டுதான். அது இரண்டாவது. முதலாவதை நான் நம்பவில்லை.